விற்ற ஓலையும் எழுதிய ஏடும்

ஒரகடம் கூட்டுச்சாலையில் வைகறைப் பொழுதில் நின்று பார்த்தோர் அறிவர். வரிசையாக வந்து நிற்கின்றன தொழிற்சாலைப் பேருந்துகள். இரவு முறை முடித்துச் சிவந்த கண்களோடு இறங்குவோர் ஒருபுறம். பகல் முறைக்குப் புறப்பட்டு, வாரிய தலை கலையாமல் ஏறுவோர் மறுபுறம். ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு பட்டை. பட்டையின் முனையிலே ஓர் அட்டை. அட்டையிலே ஒரு படம், ஒரு பெயர், ஓர் எண். திருப்பெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் என்று ஏரியும் கழனியுமாக இருந்த ஊர்களெல்லாம் இன்று கார் செய்கின்றன, கருவிகள் செய்கின்றன, கடல் கடந்து அனுப்புகின்றன.

அந்த அட்டையைக் குறை கூற வரவில்லை நாம். கூலிக்கு உழைப்போனிடம் பெயரும் எண்ணும் பொறித்த ஓர் அட்டை இருப்பதில் இழுக்கு ஏதுமில்லை. ஆனால், அதே கழனிகளில் இருநூறு ஆண்டுகட்கு முன் உழைத்தவனுக்கும் ஓர் ஏடு இருந்தது என்பதை நினைவூட்ட வந்தோம். அந்த ஏடு அவன் கழுத்தில் தொங்கவில்லை. மிராசுதாரர் வீட்டுப் பெட்டியில் பத்திரமாக இருந்தது. நிலத்தை விற்கும்போது நிலத்தோடு ஆளையும் சேர்த்து எழுதிய ஓலை அது. கடனுக்கு ஈடாக ஆளையே ஒற்றி வைத்த ஓலையும் உண்டு. அவன் விலை அதில் இருந்தது; அவன் விலங்கு அதில் இருந்தது; அவன் சொல் மட்டும் அதில் இல்லை!

அடிமையைப் பற்றி எழுதப்பட்ட ஏடுகள் ஆயிரம் உண்டு. அடிமைப்பட்டோர் தாமே எழுதிய ஏடுகள் எத்தனை? இந்தக் கேள்வியோடு இரண்டு நூல்களை அருகருகே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஒன்று, அமெரிக்க நாட்டிலே அடிமையாகப் பிறந்து, அடிமைத்தனத்தை ஒழிக்கப் போராடிய பிரெடரிக் டக்ளஸ் 1845இல் வெளியிட்ட தன் வரலாறு. மற்றொன்று, இதே செங்கற்பட்டுச் சீமையின் கோழியாளம் என்னும் சிற்றூரிலே பிறந்த இரட்டைமலை சீனிவாசனார் 1939இல் வெளியிட்ட ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’.

“சீனிவாசனார் அடிமையாக இருந்தவரா?” என்று கேட்பர் சிலர். சட்டப்படி அல்லர். அவர் பிறந்தது 1859இல். அதற்குப் பதினாறு ஆண்டுகட்கு முன்பே, 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம், அடிமையென்று ஒருவனை உரிமை கொண்டாடி நீதிமன்றத்தில் நிற்க இனி இயலாது என்று கூறிவிட்டது. 1862 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டம், மனிதனை அடிமையாக வாங்குவதும் விற்பதும் குற்றம் என்று அறிவித்தது. சட்டம் அறிவித்தது, சேரி அறிந்ததா? அடிமை என்ற பெயர் ஏட்டிலிருந்து அகன்றது. படியாள் என்ற பெயரில் அதே ஆள், அதே கொல்லைப்புறத்தில், பாட்டன் பட்ட கடனுக்குப் பேரன் உழைத்துக்கொண்டு நின்றான். 1891இல், சட்டம் பிறந்து நாற்பத்தெட்டு ஆண்டு கழிந்த பின்னர், செங்கற்பட்டு மாவட்டத்தின் ஆட்சிப் பொறுப்பிலிருந்த திரமென்கீர் என்னும் ஆங்கிலேய அதிகாரி, அம்மாவட்டத்துப் பறையர் குலத்தாரின் நிலைபற்றி விரிவான அறிக்கை ஒன்றை அரசுக்கு அனுப்ப நேர்ந்ததே, ஏன்? அந்த அறிக்கையின் விளைவாக 1892இல், அவர்களுக்கெனத் தனியே நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்ததே, ஏன்? பஞ்சமி நிலம் என்று நாம் இன்று வழங்குவது அதைத்தான். அடிமைத்தனம் ஒழிந்திருந்தால் அந்த ஆணைக்குத் தேவை எழுந்திருக்காதன்றோ!

ஆகவே, சீனிவாசனார் விற்கப்பட்டவர் அல்லர். விற்கப்பட்டோர் வழியில் வந்தவர். டக்ளஸ் விற்கவும் வாங்கவும் தக்க பொருளாகவே பிறந்தவர். இந்த வேறுபாட்டை மறைக்காமல் ஒப்பிடுவதே நேர்மை.

டக்ளஸ் தம் வரலாற்றை எப்படித் தொடங்குகிறார்? தாம் பிறந்த ஊரைச் சொல்கிறார். பிறந்த நாளைச் சொல்ல முடியவில்லை. மேரிலாந்து மாநிலத்தில் டால்பட் கவுண்டியில் பிறந்தார். 1818ஆம் ஆண்டு என்பது பிற்கால ஆராய்ச்சியாளர், எசமானர் வீட்டுக் கணக்கேட்டைக் கண்டு உறுதி செய்தது. பிள்ளை பிறந்ததைத் தாய் சொல்லி அறியவில்லை உலகம். சொத்துக் கணக்கு சொல்லி அறிந்தது! அந்தத் தாயோ பன்னிரண்டு மைல் தொலைவில், வேறொருவர் வயலில் உழைத்தவள். பகலெல்லாம் பாடுபட்டு, இரவிலே நடந்து வந்து, பிள்ளையை அணைத்துப் படுத்து, அவன் கண் விழிக்குமுன் திரும்பி நடந்துவிடுவாள். வாழ்நாளில் நாலைந்து முறைதான் அவளைக் கண்டதாக எழுதுகிறார். கண்ணீர் வடிக்கவில்லை அந்த எழுத்து. கணக்கை எழுதுவதுபோல எழுதிச் செல்கிறது. படிப்பவன் கண்தான் நனைகிறது. இதுவே அந்நூலின் முதல் வெற்றி.

பால்டிமோர் நகரத்து எசமானி, சிறுவனுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினாள். கணவன் தடுத்தான். படித்தால் அடிமை அடிமையாக இரான் என்றான். பகைவன் வாயிலிருந்து வந்த அந்தச் சொல்லையே பாடமாகக் கொண்டான் சிறுவன்! எது தனக்கு மறுக்கப்படுகிறதோ, அதுவே விடுதலைக்கு வழி என்று தெளிந்தான். வீட்டிலிருந்து ரொட்டித் துண்டை எடுத்துச் சென்று, தெருவிலே விளையாடும் ஏழை வெள்ளைச் சிறுவர்களுக்குக் கொடுத்து, விலையாக எழுத்தைப் பெற்றான். கப்பல் கட்டும் துறையிலே, எந்த மரம் கப்பலின் எந்தப் பக்கத்துக்குரியது என்பதைக் குறிக்கத் தச்சர்கள் மரத்தில் பொறித்த எழுத்துக்களைக் கண்டு எழுதப் பழகினான். பள்ளிக்கூடம் மூடியிருந்தது, தொழிற்கூடம் திறந்திருந்தது. ஒரகடத்துத் தோழர்கள் இந்த இடத்தைச் சற்று நின்று படிக்க வேண்டும்.

வளர்ந்தபின் அதே துறையில், கப்பலின் இடுக்குகளை அடைக்கும் தொழிலாளி ஆனார் டக்ளஸ். தேர்ந்த கைவினைஞர்; நல்ல கூலி. ஆனால், வாரக் கடைசியில் அந்தக் கூலி முழுவதையும் எசமானர் கையில் கொண்டுபோய் வைக்க வேண்டும். எண்ணிப் பார்த்து எடுத்துக்கொண்டு, மனம் இருந்தால் ஆறு காசு திருப்பித் தருவார் எசமானர். அந்த ஆறு காசு தம்மை மகிழ்விக்கவில்லை என்கிறார் டக்ளஸ். மிச்சம் முழுவதும் தமக்கே உரியது என்பதை அந்த எசமானரே ஒப்புக்கொண்ட அடையாளமாக அது தோன்றியதாம்! எத்துணைக் கூரிய சிந்தனை! உழைப்பின் பயன் யாருக்கு என்ற கேள்வியை, ஏட்டறிஞர் பலர் பக்கம் பக்கமாக விளக்கியதை, ஆறு காசில் அடக்கிக் காட்டிவிடுகிறார். தப்பிச் சென்ற பிறகு, நியூ பெட்ஃபோர்டு துறைமுகத்தில், கைவினைத் தொழிலில் தம்மோடு நிற்க வெள்ளைத் தொழிலாளர் மறுத்தமையால், மூட்டை தூக்கினார், மரம் அறுத்தார், புகைபோக்கி துடைத்தார். கூலி குறைந்தது, ஆயினும் பெற்ற கூலி அவர் பையிலேயே தங்கியது.

எப்படித் தப்பினார்? 1845இல் வந்த நூலைப் புரட்டினால் விடை கிடைக்காது. 1838 செப்டம்பர் 3ஆம் நாள் புறப்பட்டு நியூயார்க் சேர்ந்ததை மட்டும் சொல்கிறார், வழியைச் சொல்லவில்லை. ஏனெனில், அன்று அந்த வழியை எழுதினால், பின்னால் வரும் அடிமைக்கு அதே வழி அடைபட்டுவிடும், உதவியோர் சிக்குவர். தமக்கு எழுத்துச் சொல்லித் தந்த தெருச் சிறுவர்களின் பெயரையும் அதே அச்சத்தால் மறைத்தார். 1881இல், அடிமைத்தனம் சட்டத்தால் ஒழிந்து பதினாறு ஆண்டு ஆன பின்னரே, மூன்றாம் முறையாகத் தம் வரலாற்றை எழுதியபோது வழியை விளக்கினார். கப்பல்காரன் உடை, நண்பன் ஒருவன் இரவல் தந்த கப்பற்பணிச் சான்று, அதன் தலைப்பிலே அமெரிக்கக் கழுகின் உருவம். சான்றில் கண்ட அங்க அடையாளம் டக்ளசுக்குப் பொருந்தவே பொருந்தாது. இரயிலில் சீட்டுப் பார்க்க வந்தவர் கழுகைக் கண்டார், ஆளைக் காணவில்லை, நகர்ந்துவிட்டார். காகிதத்தை நம்பி மனிதனைக் காணாத உலகம், அன்று ஒருநாள் அவருக்கு உதவியது!

தாளோடு அவர் வாழ்க்கைக்கு இருந்த தொடர்பு அத்தோடு முடியவில்லை. நூல் வெளிவந்ததும், எசமானர் பெயரையும் ஊரையும் வெளிப்படையாக எழுதியிருந்தமையால், பிடிபடும் ஆபத்து நேர்ந்தது, பிரிட்டனுக்குக் கப்பலேறினார். அங்கிருந்த நண்பர்கள் 150 பவுன் திரட்டிக் கொடுக்க, 1846 டிசம்பரில் பழைய எசமானர் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். தம்மைத் தாமே விடுவித்துக்கொண்டு எட்டாண்டு ஆன மனிதருக்கு, விலங்கிட்டவர் எழுதித் தந்த விடுதலைச் சீட்டு! அதே டக்ளஸ் 1881இல், கொலம்பியா வட்டாரத்தின் பத்திரப் பதிவாளராக அமர்ந்தார். ஒருகாலத்தில் பத்திரத்திலே பொருளாக இருந்தவர், பத்திரங்களைப் பதிவு செய்யும் அதிகாரியானார். கற்பனைக் கதையிலே எழுதினால் மிகை என்போம்; வரலாறு எழுதிவிட்டது.

ஆயினும், இந்தத் தாள்களுள் எது அவரை விடுவித்தது? இரவல் சான்று எல்லையைக் கடத்தியது. விடுதலைப் பத்திரம் பிடிபடும் அச்சத்தை நீக்கியது. இரண்டும் பிறர் எழுதியவை. தலைப்பிலேயே ‘தானே எழுதியது’ என்று பொறித்துவந்த அந்த நூல்தான், ‘இவன் மனிதன்’ என்பதை மறுக்க முடியாமல் நாட்டியது. அந்நூலுக்கும்கூட முகப்பில் இரண்டு வெள்ளைப் பெருமக்களின் சான்றுரை தேவைப்பட்டது. காரிசன் ஒரு முன்னுரை. பிலிப்ஸ் ஒரு கடிதம். கறுப்பன் எழுதினான் என்று வெள்ளையர் சொன்னால்தான் நாடு நம்பும் நிலை! இன்னும் ஒன்று: மேரிலாந்தில் வாழ்ந்த வெள்ளையர் ஒருவர், “அந்த அடிமையை நான் அறிவேன், இத்தகைய நூலை எழுத வல்லவன் அல்லன்” என்னும் கருத்துப்பட இதழொன்றில் எழுதினார். டக்ளஸ் சினம் கொள்ளவில்லை, நன்றி கூறினார்! “நான் அடிமையாக இருந்ததே இல்லை என்று ஐயுற்றோருக்கு, நீரே சான்று கூறிவிட்டீர்” என்பது அவர் விடையின் சாரம். பத்தாண்டு கழித்து 1855இல் வந்த இரண்டாம் வரலாற்றுக்கு முன்னுரை எழுதியவர் ஜேம்ஸ் மெக்கியூன் ஸ்மித் என்னும் கறுப்பின மருத்துவர். வளர்ச்சி அங்கேதான் இருக்கிறது.

இனிக் கோழியாளத்துக்கு வருவோம்.

சீனிவாசனார் நூல் சிறியது. பெயரிலேயே ‘சுருக்கம்’ என்று அடக்கிக்கொண்டது. எண்பதை எட்டிய முதுமையில் எழுதியது. அதிலே கருத்தைக் கவரும் முதன்மையான இடம், கோவையில் படித்த காலத்தைப் பற்றிய சில வரிகள். பள்ளியிலே படித்தோரில் மிகப் பெரும்பாலோர் பார்ப்பனப் பிள்ளைகள். சீனிவாசன் என்ற சிறுவன் வெளியே எங்கேனும் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பான். மணி அடித்த பின்னரே வகுப்புக்குள் நுழைவான். பள்ளி விட்டதும் பிறர் தன்னை எட்டிப்பிடிக்காதபடி விரைந்து வீடு திரும்புவான். காரணம் என்ன? பேச்சுக் கொடுத்தால் ஊர் கேட்பார்கள். ஊர் கேட்டால் உறவு கேட்பார்கள். உறவு கேட்டால் குலம் தெரிந்துவிடும். விளையாட ஆசை, விளையாடினால் வினை!

இந்த இடத்தில் இரு நூல்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பால்டிமோரில், சட்டப்படி அடிமையான சிறுவன் வெள்ளைச் சிறுவரோடு தெருவிலே பேசினான். அவர்களே அவனுக்கு ஆசிரியர் ஆயினர். கோவையில், சட்டப்படி எவருக்கும் அடிமையல்லாத சிறுவன், உடன் படிக்கும் பிள்ளையோடு ஒரு வார்த்தை பேச அஞ்சினான். அங்கே நிறம் தெரிந்தது, மறைக்க வழியில்லை. இங்கே குலம் தெரியவில்லை. அதை மறைப்பதே சிறையாயிற்று. நிறவெறியை நாம் எளிதாகக் கண்டிக்கிறோம். கடல் கடந்த கொடுமைக்குக் கண்ணீர் வடிப்பது எளிதல்லவா! வீட்டுத் திண்ணையில் குந்தியிருக்கும் கொடுமையை வருணம் என்றோம், வழக்கம் என்றோம், வினைப்பயன் என்றோம்.

மற்றொரு வேறுபாடும் உண்டு. டக்ளசுக்கு ஒரு வடதிசை இருந்தது. ஓர் இரவும் பகலும் கழிந்தால் அடிமையற்ற மண்ணில் கால் வைக்கலாம் என்ற நிலப்படம் இருந்தது. செங்கற்பட்டுப் படியாளுக்கு எது வடதிசை? வேற்றூர் சென்றால் அங்கும் ஒரு சேரி. காஞ்சிக்குச் சென்றாலும் தஞ்சைக்குச் சென்றாலும் முதற் கேள்வி ஒன்றே. கடல் ஒன்றுதான் எஞ்சியது. 1860 நவம்பர் 16ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்னும் கப்பல், ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு நேட்டாலின் டர்பன் துறையை அடைந்தது. அந்தக் கப்பற் பட்டியலிலும் எண் இருக்கிறது, பெயர் இருக்கிறது, வயது இருக்கிறது, குலமும் இருக்கிறது. ஓலை மறைந்து காகிதம் வந்தது. எழுதுவோர் கை மட்டும் மாறவில்லை. சீனிவாசனாரும் 1900த்தில் கடல் கடந்தார்; தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். கூண்டில் நின்ற தமிழ்க் கூலியின் சொல்லை நீதிபதியின் செவிக்குக் கொண்டுசென்ற பணி அது.

ஆனால், அதற்கு முன்பே அவர் செய்த அருஞ்செயல் ஒன்று உண்டு. 1893 அக்டோபரில் சென்னையில் ஓர் இதழ் தொடங்கினார். நான்கு பக்கம், விலை இரண்டணா, முதலில் திங்கள் இதழ், பிறகு கிழமை இதழ். பெயர்? ‘பறையன்’!

பெயரைக் கேட்டு முகம் சுளித்தோர் உண்டு. உரிய குலத்தாரே தயங்கினர். எந்தச் சொல்லைக் கேட்டால் பள்ளியிலே ஓடி ஒளிந்தானோ சிறுவன், அந்தச் சொல்லையே இதழின் நெற்றியில் பொறித்தார் அதே சிறுவன் வளர்ந்த பெரியவர். தன் பெயரைச் சொல்லித்தான் தன் உரிமையைக் கேட்க வேண்டும். பெயரை மறைத்தால் உரிமையும் மறைந்துபோகும் என்பது அவர் கருத்து. பண்டித அயோத்திதாசர் இதற்கு மாறான வழி கண்டார். பிறர் சூட்டிய அப்பெயரை ஏற்கலாகாது என்றார். 1907இல் தாம் தொடங்கிய இதழுக்கு ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று பெயர் வைத்தார். எவர் வழி சிறந்தது? இன்றும் வழக்காடலாம். ஒன்று உறுதி: இருவர் வழியிலும், பெயரை முடிவு செய்தவர் பெயருக்கு உரியவரே. திருப்பெரும்புதூரில் பிறந்த இராமானுசர், தாழ்த்தப்பட்டோரைத் திருக்குலத்தார் என்று அழைத்தார் என வைணவர் பெருமையோடு கூறுவர். நல்ல மனம்தான், மறுக்கவில்லை. ஆனால், இழிபெயரும் மேலிருந்து வந்தது. திருப்பெயரும் மேலிருந்தே வந்தது. பல நூற்றாண்டு கழித்துத்தான் பெயர் கீழிருந்து எழுந்தது!

டக்ளசும் அவ்வாறே. தாய் வழிப் பெயரான ‘பெய்லி’யை, பிடிப்போர் கண்ணுக்குத் தப்பவே விட்டார், புதிய பெயரை நண்பர் ஒருவர் ஒரு காவியத்திலிருந்து எடுத்துத் தந்தார், ‘பிரெடரிக்’ என்பதை மட்டும் விட மறுத்தார். பெயர் என்பது ஒலியன்று, உரிமை என்பதை இருவரும் உணர்ந்திருந்தனர். 1847இல் டக்ளசும் ஓர் இதழ் தொடங்கினார். தப்பியோடும் அடிமைக்கு இரவிலே திசைகாட்டும் ‘வடமீன்’ அவர் இதழின் பெயர். ஒருவர் விண்மீனைப் பெயராக்கினார். மற்றவர் வடுவையே பெயராக்கினார். வடதிசை இல்லாத நாட்டிலே விண்மீனுக்கு என்ன வேலை? வடுவைக் காட்டித்தான் வழி கேட்க வேண்டியிருந்தது.

நூலைப் புகழ்வது மட்டும் திறனாய்வு ஆகாது. குறையையும் கூறத்தான் வேண்டும். சீனிவாசனார் நூலில், தீர்மானங்களும் தூதுகளும் விண்ணப்பங்களும் நிரம்பியிருக்கின்றன, வீடு குறைவு. கோழியாளத்துக் குடிசை எப்படி இருந்தது? தாய் என்ன உண்டாள்? தந்தை எவர் முன் துண்டை இடுப்பில் கட்டினார்? டக்ளஸ் நூலைப் படித்தோன் அந்தத் தாயின் இரவு நடையை மறவான். சீனிவாசனார் நூலைப் படித்தோன், பள்ளி மணியைத் தவிர, நெஞ்சில் தைக்கும் காட்சிகளைத் தேட வேண்டியிருக்கிறது. விரித்து எழுத வல்லவரே சுருக்கி எழுதிவிட்டார் என்ற ஏக்கம் எழுகிறது.

ஏன் சுருக்கினார்? டக்ளஸ் மறைத்த வழிக்கு ஒரு காரணம் இருந்ததுபோல இதற்கும் காரணம் உண்டென்று நினைக்கிறோம். டக்ளசுக்கு நூல் வாங்கிப் படிக்க ஒரு நாடு காத்திருந்தது; நான்கே திங்களில் ஐயாயிரம் படிகள் விற்றன. சீனிவாசனார்க்கு எந்தப் பதிப்பகம் காத்திருந்தது? எந்தப் புலவர் கழகம் கேட்டது? தம் மக்களின் அழுகையைச் சொன்னால் ‘ஐயோ பாவம்’ என்று இரங்குவோர் கிடைத்திருப்பர். இரக்கம் அவர் வேண்டியதன்று, உரிமையே வேண்டினார். ஆகவே அழுகையை அகற்றி ஆவணத்தை வைத்தார். 1893இல், உயர் பதவிக்கான தேர்வை இந்தியாவிலும் நடத்தவேண்டுமென்று காங்கிரசார் கேட்டபோது, அப்பதவிகள் மேற்சாதியார் கையிலேயே சேர்ந்து பிடி இறுகும் என்று எதிர்த்து 3,412 பேர் கையெழுத்திட்ட விண்ணப்பம். அதன் நீளம் 112 அடி! பனையோலையில் பெயர் எழுதப்பட்டோரின் வழிவந்தோர், தம் பெயரைத் தாமே எழுதிய முதல் நீள் ஓலை என்றே அதைக் கூறலாம். அது கவிதை அன்று. ஆனால், காவியத்துக்குரிய பொருள்.

“வெள்ளையனிடம் பட்டம் பெற்றவர்தாமே!” என்று ஏளனம் செய்வோர் உண்டு. இராவ் சாகிப், இராவ் பகதூர், திவான் பகதூர் ஆகிய பட்டங்கள் வந்தது உண்மை. டக்ளசையும் அவ்வாறே ஏசினர். வாசிங்டனில் பதவி ஏற்றபின் கூர் மழுங்கினார் என்றனர். பட்டத்தை எடை போடுமுன் பயனை எடை போடுக. 1923இல் சென்னைச் சட்டமன்றத்தில் நியமன உறுப்பினராக அமர்ந்த சீனிவாசனார், நீதிக் கட்சி ஆட்சியிலே, 1924 ஆகஸ்டில் கொண்டுவந்த தீர்மானம் யாது? பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொதுக் கட்டடம் ஆகியவற்றை எவரும் பயன்படுத்தத் தடை கூடாது என்பது. சாலையில் நடப்பதற்கே சட்டமன்றத் தீர்மானம் தேவைப்பட்ட நாடு இது! 1930, 1931ஆம் ஆண்டுகளில் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரோடு அமர்ந்து வழக்காடியவரும் அவரே. இந்தப் பயன்களைப் பட்டத்துக்கு விற்றவர் என்று சொல்ல ஏடு இடம் தராது.

டக்ளசின் பெருமைக்கு மற்றொரு சான்றும் கூறி அமைவோம். 1848இல் செனீகா பால்சு என்னும் ஊரில் பெண்கள் கூடி வாக்குரிமை கேட்டபோது, உடன் நின்று வாதாடியவர் அவர். 1895 பிப்ரவரி 20ஆம் நாள் இறந்ததும், பெண்கள் மாநாடு ஒன்றுக்குச் சென்று திரும்பிய மாலையில்தான். தன் விலங்கு முறிந்ததும் ஓய்ந்தவன் விடுதலை பெற்றவன் மட்டுமே. பிறர் விலங்கையும் கண்டவனே சீர்திருத்தக்காரன்.

சரி, இந்தப் பழங்கதை ஒரகடத்துக்கு எதற்கு?

2019 சூலைத் திங்களில், காஞ்சிபுரம், வேலூர் மாவட்டப் பகுதிகளில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து கொத்தடிமைகள் 42 பேரை அதிகாரிகள் மீட்டனர். முதியவர் ஒருவர் அதிகாரியின் காலில் விழுந்த படத்தை நாடு கண்டது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் பிறந்தது 1976இல். நாற்பத்து மூன்றாண்டு கழித்தும், உலகத்துக்குக் கார் செய்யும் மாவட்டத்திலேயே, சில ஆயிரம் ரூபாய்க் கடனுக்கு மனிதர் கட்டுண்டு கிடந்தனர். மீண்டோர் கையில் தரப்படுவது விடுதலைச் சான்றிதழ். அதைக் காட்டினால்தான் மறுவாழ்வு உதவி. தேவையான தாள், குறை கூறவில்லை. ஆனால், அதுவும் பிறர் எழுதிய தாளே. அந்த முதியவர் காலில் விழுந்த படம் நம்மிடம் இருக்கிறது. எழுந்து நின்று அவர் சொல்லக்கூடிய கதை நம்மிடம் இல்லை.

ஆலைத் தொழிலாளியை அடிமை என்று கூறுவது மிகை. உண்மையான அடிமைப்பாட்டின் கொடுமையை மலிவாக்கும் பேச்சு. அவனுக்குக் கூலி உண்டு. வேலையை விட்டு விலகும் உரிமை உண்டு. சங்கம் சேரும் உரிமை உண்டு. ஆனால், அந்த உரிமையும் எளிதில் வரவில்லை. 2024 செப்டம்பர் 9ஆம் நாள், சுங்குவார்சத்திரத்தை அடுத்த சாம்சங் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். 37 நாள் நீடித்தது. ஊதியம் ஒரு கோரிக்கை. தலையாயது, சங்கத்தைப் பதிவு செய்தல். சங்கத்தின் பெயரிலே தன் பெயர் இடம்பெறலாகாது என்றது நிறுவனம். வழக்கு நீதிமன்றம் சென்றது. 2025 சனவரியில் சங்கம் பதிவாயிற்று. பெயருக்காக ஒரு போராட்டம்! 1893இல் ‘பறையன்’ என்று இதழுக்குப் பெயரிட்டவர் அதன் பொருளை ஒரு நொடியில் உணர்ந்திருப்பார். நிறுவனத்தின் பெயரைத் தொழிலாளி கழுத்தில் தொங்கவிடலாம், சட்டையில் அணியலாம்; தான் கூடிய சங்கத்துக்கு வைக்க வழக்காட வேண்டும்! தாளில் எவர் எழுதுவது என்ற பழைய வழக்கு, புதிய ஆலை வாயிலிலும் தொடர்கிறது.

ஆகவே நம் தீர்ப்பு இது. கலை அளவில் டக்ளஸ் நூல் உயர்ந்தது. அதனை நல்ல தமிழில் எல்லா இளைஞரும் படித்தல் வேண்டும். சீனிவாசனார் நூல், கலையால் அன்று, தொடக்கத்தால் உயர்ந்தது. ஆயிரம் ஆண்டு பிறர் எழுதிவந்த ஏட்டிலே, ‘இனி நான் எழுதுகிறேன்’ என்று ஒருவர் கைவைத்த இடம் அது. சுருக்கம் என்று அவர் பெயரிட்டது அடக்கத்தால் மட்டும் அன்று. விரிவை நம்மிடம் விட்டுச் சென்றார் என்று கொள்வோம்.

ஒரகடம் கூட்டுச்சாலையில் பேருந்துக்குக் காத்திருக்கும் தம்பியே, தங்கையே! உன் கழுத்து அட்டையில் உன் பெயரை நிறுவனம் எழுதிவிட்டது. உன் பாட்டன் பெயரை மிராசுதாரர் எழுதினார். பாட்டனுக்குப் பிள்ளையின் நிலையை ஆங்கில அதிகாரி எழுதினார். உன் வீட்டிலே இன்னும் ஒரு முதியவள் இருப்பாள். எந்தக் கழனியில் நாற்று நட்டோம், எந்தக் கிணற்றில் நீர் மறுத்தார்கள், எந்த ஆண்டு அந்தக் கழனி ஆலையாயிற்று என்று சொல்லக்கூடியவள். வாரத்தில் ஒருநாள் விடுமுறை உண்டல்லவா? அன்று அவள் அருகில் உட்கார். கேள். எழுது. முகப்பில் எவர் சான்றுரையும் தேவையில்லை. ‘தானே எழுதியது’ என்ற இரண்டு சொற்கள் போதும்.